அட்சக்கோடும் தீர்க்கக்கோடும் எதில் போடலாம்? கியூஜிஐஎஸ், ஓப்பன்லேயர்ஸ், லீஃப்லெட், இன்னும் சில

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் தேடிக்கொள்ளுங்கள்: நீங்கள் செய்யப்போகும் வரைபடம் நகருமா, நகராதா? அச்சுக்கோ, பிடிஎஃப்புக்கோ, அறிக்கையில் ஒட்டும் படத்துக்கோ என்றால் நகராது, ஒரே அளவில் நிற்கும். உலாவியில் திறந்து, இழுத்து, ஜூம் செய்து பார்க்கும் படம் என்றால் நகரும். அட்ச, தீர்க்கக் கோடுகளைப் போட எந்தக் கருவி நல்லது என்று கேட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதை யோசிக்காமல் நேராக மென்பொருள் பெயருக்குப் போய்விடுகிறார்கள், பாதி வேலை முடிந்தபின் கோடுகள் ஒரு ஜூமில் கொசுவலை மாதிரியும் அடுத்த ஜூமில் ஆளே இல்லாத மைதானம் மாதிரியும் தெரிகிறதே என்று திரும்பி வருகிறார்கள்.

நகராத படத்தில் கோடுகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்பதை நீங்களே ஒரு தடவை முடிவு செய்தால் போதும். நகரும் படத்தில் அந்த முடிவை ஒவ்வொரு ஜூமுக்கும் யாராவது எடுத்தாக வேண்டும், அதைக் கருவியிடம் விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் மற்ற எல்லாமே இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வருவதுதான்.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். வழக்கமான வெப் வரைபடத்தில் ஜூம் 0 என்றால் உலகம் முழுவதும் 256 பிக்சல் அகலத்துக்குள் அடங்கிவிடும், ஒவ்வொரு படி ஏறும்போதும் அகலம் இரட்டிப்பாகும். அப்படியானால் ஜூம் 3இல் ஒரு டிகிரி என்பது 6 பிக்சல்கூட இல்லை. ஜூம் 5இல் சுமார் 23 பிக்சல், ஜூம் 8இல் 182, ஜூம் 10இல் 728, ஜூம் 12இல் 2,900க்கு மேல். கண்ணுக்கு இதமாக இருக்க இரண்டு கோடுகளுக்கு நடுவே ஏறக்குறைய 100 பிக்சல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஜூம் 5இல் 5 டிகிரிக்கு ஒரு கோடு, ஜூம் 8இல் 30 நிமிடத்துக்கு ஒன்று, ஜூம் 10இல் 10 நிமிடத்துக்கு ஒன்று, ஜூம் 12இல் 2 நிமிடத்துக்கு ஒன்று என்று வரும். (மேப்லிப்ரே, மேப்பாக்ஸ் வகை வெப் வரைபட நூலகங்களில் ஜூம் 0 என்பது 512 பிக்சல், அதனால் அங்கே இந்த எண்களை ஒரு படி தள்ளிப் படிக்க வேண்டும்.) ஒரே இடைவெளியில் செய்து வைத்த கோட்டுக் கோப்பு எதுவாக இருந்தாலும் இந்த வரிசையில் ஒன்றிரண்டு ஜூமுக்கு மட்டுமே பொருந்தும்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மென்பொருள்களில் 'கிராட்டிக்யூல்' என்றால் அட்ச, தீர்க்கக் கோடுகள், டிகிரியில் அளப்பது. வெறும் 'கிரிட்' என்றால் பெரும்பாலும் மீட்டரில் அளக்கும் சதுரக் கட்டம், யூடிஎம் (பூமியைப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) போல. காசு கொடுத்து வாங்கும் வரைபட மென்பொருளான ஆர்க்ஜிஐஎஸ் இதைத் தெளிவாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறது. ஆர் என்ற நிரல் மொழியின் டிமேப் வரைபடத் தொகுப்பிலும் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளைகள் உண்டு. இலவச வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் இரண்டையும் கிரிட் என்றே கூப்பிடும், எது வேண்டும் என்பதை நாம்தான் அமைப்பில் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

தயார்க் கோப்பை எடுத்துப் போட்டால் என்ன?

மிகச் சுலபமான வழி இதுதான். நேச்சுரல் எர்த் என்ற இலவச வரைபடத் தரவுத் தளத்தில் 1, 5, 10, 15, 20, 30 டிகிரி இடைவெளிகளில் தயார்க் கோட்டுக் கோப்புகள் கிடைக்கின்றன. பொதுச்சொத்து (பப்ளிக் டொமைன்) என்பதால் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆர்க்ஜிஐஎஸ் ஆன்லைனில் வேலை செய்கிறவர்களுக்கு அதன் லிவிங் அட்லஸ் தொகுப்பிலேயே உலக அட்ச, தீர்க்கக் கோட்டு அடுக்கு ஒன்று இருக்கிறது. இறக்கி, அடுக்காகச் சேர்த்து, நிறம் மாற்றினால் வேலை முடிந்தது. உலக வரைபடமோ கண்ட வரைபடமோ செய்து ஒரே படமாக வெளியிடப் போகிறீர்கள் என்றால் இதற்கு மேல் எதுவும் வேண்டாம், மீதிக் கட்டுரையைப் படிக்காமல்கூடப் போகலாம்.

ஆனால் ஒரு டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும் என்றால் இந்தக் கோப்புகள் கைவிட்டுவிடும். ஒரு டிகிரி அட்சம் என்பது தரையில் சுமார் 111 கிலோமீட்டர். ஒரு மாவட்ட அளவுப் பரப்பைக் காட்டும் படத்தில் அதிகம் போனால் ஒன்றிரண்டு கோடு விழும், சில சமயம் ஒன்றுகூட விழாது. அப்போது நாமே கோடுகளை உருவாக்கலாமே என்று தோன்றும். தோன்றட்டும், தப்பில்லை. ஆனால் அதில் நான் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறேன்.

லாம்பர்ட் கூம்பு ப்ரொஜெக்ஷனில் (உருண்டை பூமியைத் தட்டையாக்கும் முறைகளில் ஒன்று) ஒரு பெரிய சுவர் வரைபடம் செய்தேன். கோடுகளை கியூஜிஐஎஸ்ஸின் 'க்ரியேட் கிரிட்' கருவியில் 5 டிகிரிக்கு ஒன்றாக உருவாக்கி அடுக்காகப் போட்டேன், அழகாகத்தான் வந்தது. அச்சடித்து மாட்டியபின் ஒருவர் வந்து, 50 டிகிரிக்கு வடக்கே இருக்க வேண்டிய ஊர் ஏன் 50 டிகிரிக் கோட்டுக்குக் கீழே நிற்கிறது என்று கேட்டார். அருகில் போய்ப் பார்த்தால் அவர் சொன்னது சரி. காரணம் சின்னதுதான். அந்தக் கருவி உருவாக்கிய ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு முனைகள் மட்டுமே இருந்தன, நடுவில் புள்ளியே இல்லை. ப்ரொஜெக்ஷன் மாறும்போது மென்பொருள் புள்ளிகளைத்தான் இடம் மாற்றும், புள்ளிகளுக்கு இடையே நேர்க்கோடு இழுத்துவிடும். கூம்பு ப்ரொஜெக்ஷனில் தீர்க்கக்கோடுகள் எப்படியும் நேர்க்கோடுகள்தான், அதனால் அவை தப்பித்தன. அட்சக்கோடுகள் வில்லாக வளைந்து தொங்க வேண்டியவை, என் படத்தில் அவை நாண் இழுத்தது போல விறைப்பாக நின்றன. வில்லுக்கும் நாணுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது அந்த ஊர். 'டென்சிஃபை' என்று ஒரு கருவி இருக்கிறது, அதில் ஒரு தடவை ஓட்டி ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு புள்ளி சேர்த்திருந்தால் முடிந்திருக்கும். அரை நிமிட வேலை. மறுபடி அச்சடித்தேன், என் செலவில்.

இதற்கு ஒரு தம்பி இருக்கிறான், வெப் பக்கத்தில். கூகுள் மேப்ஸ் நிரல் இடைமுகத்தில் கோடு வரையும்போது 'ஜியோடெசிக்' என்று ஒரு அமைப்பு உண்டு, கொடுக்காவிட்டால் அணைந்தே இருக்கும். பூமி உருண்டையாயிற்றே, இதைப் போட்டால்தான் சரியாக இருக்கும் என்று நினைத்து அதை இயக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மிகக் குறுகிய வழியை வரையும். நிலநடுக்கோட்டைத் தவிர வேறு எந்த அட்சக்கோடும் குறுகிய வழி அல்ல. 45 டிகிரி வடக்கில், 0 முதல் 90 டிகிரி கிழக்கு வரை இப்படி ஒரு கோடு போட்டால் அதன் நடுப்பகுதி கிட்டத்தட்ட 54.7 டிகிரிக்கு ஏறிவிடும். பத்து டிகிரித் துண்டுகளாக உடைத்துப் போட்டால் பிழை சுமார் 12 கிலோமீட்டர், இரண்டரை டிகிரித் துண்டுகள் என்றால் ஒரு கிலோமீட்டருக்கும் கீழே. டி3 என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் கிராட்டிக்யூல் தானாகவே 2.5 டிகிரிக்கு ஒரு புள்ளி வைத்துக்கொள்வதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் அந்த எண் புரியும்.

படம் நகராது என்றால்

கியூஜிஐஎஸ். யோசிக்கவே வேண்டாம். காசு கொடுக்கத் தேவையில்லாத கருவிகளில் இந்த வேலைக்கு இவ்வளவு விரிவான அமைப்புகள் தருவது வேறு எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் இதற்குள்ளேயே மூன்று வழிகள் இருக்கின்றன, அதில் இரண்டு உங்களை ஏமாற்றும்.

முதல் வழி, 'வியூ' பட்டியலில் 'டெக்கரேஷன்ஸ்' என்பதற்குள் இருக்கும் கிரிட். இது திரையில் வேலை செய்யும்போது கண்ணுக்கு ஒரு துணை, அவ்வளவுதான். ப்ராஜெக்ட் எந்த அலகில் இருக்கிறதோ அதே அலகில்தான் கோடு போடும், ப்ராஜெக்ட் யூடிஎம்மில் இருந்தால் மீட்டரில்தான் வரும், டிகிரிக்கு வழியே இல்லை. இரண்டாவது, மேலே நான் அடிவாங்கிய 'க்ரியேட் கிரிட்'. கோடுகள் தரவாகவே வேண்டும், இன்னொருவருக்குக் கோப்பாகக் கொடுக்க வேண்டும் என்றால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

மூன்றாவதுதான் சரியான வழி: லேஅவுட், அதாவது அச்சுப் பக்கத்தை அமைக்கும் சாளரம். லேஅவுட்டில் வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தால் வலது பக்கப் பலகையில் 'கிரிட்ஸ்' என்று ஒரு பகுதி வரும். கூட்டல் குறியை அழுத்தி ஒரு கிரிட் சேர்த்து, அதை மாற்றும் பொத்தானை அழுத்தி உள்ளே போனதும் முதல் வேலையாக அதன் ஆய அமைப்பை (சிஆர்எஸ்) இபிஎஸ்ஜி 4326 என்று மாற்றுங்கள், டிகிரியில் அளக்கும் அட்ச, தீர்க்க அமைப்பின் எண் அது. இதைச் செய்யாமல் இடைவெளியில் 1 என்று எழுதினால், உங்கள் வரைபடம் மீட்டரில் இருக்கும் பட்சத்தில், ஒரு மீட்டருக்கு ஒரு கோடு என்றுதான் அது புரிந்துகொள்ளும். மாற்றியபின் 1 என்றால் ஒரு டிகிரி. இந்த வழியில் கோடுகள் கணக்கிட்டு வரையப்படுகின்றன, கோப்பிலிருந்து வருவதில்லை, அதனால் வளைய வேண்டிய இடத்தில் தானாகவே வளையும், டென்சிஃபை வேலையே கிடையாது.

இடைவெளி எழுதும்போது ஒரு எச்சரிக்கை. 10 நிமிட இடைவெளி வேண்டும் என்றால் தசமத்தில் 0.1666 என்று முடிவில்லாமல் போகும். பலர் 0.1667 என்று எழுதி நகர்ந்துவிடுவார்கள். கோடுகள் பூஜ்யத்திலிருந்து அந்த இடைவெளியின் மடங்குகளாக எண்ணப்படுகின்றன. 80 டிகிரி கிழக்கு வருவதற்குள் 480 கோடுகள் தாண்டியிருக்கும், 480ஐ 0.1667ஆல் பெருக்கினால் 80.016. அதாவது 80 டிகிரி என்று இருக்க வேண்டிய கோட்டில் 80°00′58″ என்று எழுதியிருக்கும். 0.166666667 என்று தசமத்தை நீட்டிக் கொடுத்தால் இந்த வம்பு இல்லை. முடிந்தால் 15 நிமிடம், 30 நிமிடம் என்று தசமத்தில் ஒழுங்காக முடிகிற எண்களாகவே எடுத்துக்கொள்வேன்: 0.25, 0.5. அதே காரணத்துக்காக, எழுத்து (கோட்டோரம் எழுதும் எண்) டிகிரி நிமிடத்தில் இருக்கும்போது இடைவெளியை 0.3 என்று வைக்காதீர்கள், 18 நிமிடம், 36 நிமிடம் என்று படிக்கிறவருக்குத் தலைசுற்றும். தசமம் என்றால் இரண்டிலும் தசமம், அறுபதாம் கணக்கு என்றால் இரண்டிலும் அறுபதாம் கணக்கு.

அலங்காரத்துக்கு இங்கே இடம் அதிகம். முழுக்கோடு போடலாம், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மட்டும் சின்னச் சிலுவை போடலாம், கோடே இல்லாமல் சட்டத்தில் மட்டும் எண் எழுதலாம், பழைய கடல் வரைபடங்களில் வருவது போல கறுப்பு வெள்ளை வரிக்குதிரைச் சட்டமும் போடலாம். செயற்கைக்கோள் படத்தின் மேல் என்றால் நான் எப்போதும் சிலுவைதான். முழுக்கோடு போட்டால் வயல் வரப்பு எது, அட்சக்கோடு எது என்று ஒரு கணம் தடுமாற வேண்டியிருக்கிறது.

எனக்குப் பிடித்த விஷயம் எழுத்துகளுக்கான 'கஸ்டம்' வடிவம். ஒவ்வொரு கோட்டின் எண்ணும் அது எந்த அச்சில் இருக்கிறது என்பதும் இரண்டு மாறிகளாகக் கிடைக்கும், அவற்றை வைத்து நாமே ஒரு கோவை எழுதிக்கொள்ளலாம். எக்ஸ் அச்சாக இருந்து எண் பூஜ்யத்துக்கு மேல் என்றால் 'கி', கீழே என்றால் 'மே', ஒய் அச்சு என்றால் 'வ' அல்லது 'தெ'. 80° கி, 10° வ என்று சுத்தமான தமிழில் வரைபடச் சட்டம் வந்து நிற்கும். இந்த ஒரு வசதிக்காகவே தமிழில் வரைபடம் செய்கிறவர்களுக்கு கியூஜிஐஎஸ்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோவில் இதே வேலை இன்னும் சொகுசாக நடக்கும். லேஅவுட்டின் 'இன்செர்ட்' தாவலில் கிராட்டிக்யூல் மாதிரிகள் வரிசையாக இருக்கும், ஒன்றைத் தட்டினால் போதும். கோடு, குறி, எழுத்து, மூலை ஆயம் என்று ஒவ்வொன்றும் தனித்தனி உறுப்பாக இருப்பதால் பெரிய கோடு, சின்னக் கோடு என்று இரண்டு மூன்று அடுக்கு வைத்துக்கொள்ளலாம். அளவு மாறும்போது இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதியும் உண்டு. அலுவலகத்தில் உரிமம் ஏற்கெனவே இருந்தால் அதிலேயே செய்யுங்கள். கோடு போடுவதற்காக மட்டும் அதை வாங்குவது வீண்.

நிரல் எழுதிப் படம் செய்கிறவர்களுக்கு பைத்தானில் கார்ட்டோபை என்ற நூலகம். அதன் கிரிட்லைன்ஸ் கட்டளை ஒன்றே கோட்டையும் எழுத்தையும் கொடுத்துவிடும். கோடுகள் எந்தெந்த எண்ணில் விழ வேண்டும் என்று பட்டியலாகக் கொடுக்கலாம், மேல் பக்கமும் வலது பக்கமும் எழுத்து வேண்டாம் என்று அணைக்கலாம், டிகிரி நிமிடமாகக் காட்டச் சொல்லலாம். பழைய பதிவுகளைப் படித்துவிட்டு, மெர்கேட்டர் போன்ற ஒன்றிரண்டு ப்ரொஜெக்ஷனில்தான் இதில் எழுத்து வரும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2020இல் வந்த 0.18 பதிப்பிலிருந்து மற்ற ப்ரொஜெக்ஷன்களிலும் வருகிறது. தமிழ் எழுத்தில்தான் சிக்கல். கார்ட்டோபைக்கு அடியில் இருப்பது மேட்பிளாட்லிப் என்ற படம் வரையும் நூலகம், அதன் வழக்கமான வரைபொறி வெகுகாலமாகத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாமல் இருந்தது. 'தெ' என்று எழுதினால் த முதலில் வந்து கொம்பு பின்னால் தனியாக நிற்கும். எம்பிஎல்கெய்ரோ என்ற மாற்று வரைபொறியைப் போட்டால் சரியாகிறது. அந்தப் பாடு வேண்டாம் என்றால் எண்ணை மட்டும் எழுதிவிட்டுத் திசையை விட்டுவிடுங்கள்.

ஆர் பழக்கம் உள்ளவர்கள் அதன் படம் வரையும் தொகுப்பான ஜிஜிபிளாட்டிலேயே இருக்கலாம், அதன் எஸ்எஃப் ஆயம் கோடுகளைத் தானாகவே போட்டுவிடும். ஆய்வுக் கட்டுரைக்கான படம் என்றால் கட்டளை எழுதி இயக்கும் ஜிஎம்டியும் நல்ல தேர்வு, 1988 முதல் இருக்கும் பழைய கை. ஒரே ஒரு 'பி' விருப்பத்தில் எழுத்து எத்தனை டிகிரிக்கு, சட்டக் குறி எத்தனைக்கு, கோடு எத்தனைக்கு என்று மூன்றையும் அடக்கிவிடலாம். கற்றுக்கொள்ள முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் விட மனசு வராது.

கூகுள் எர்த் ப்ரோவைப் பற்றியும் கேட்கிறார்கள். 2015 முதல் இலவசம், கன்ட்ரோலும் எல்லும் சேர்த்து அழுத்தினால் கோடுகள் வந்துவிடும், ஜூமுக்குத் தகுந்தபடி இடைவெளியும் மாறும். விருப்பங்களில் தசம டிகிரியா, டிகிரி நிமிடம் நொடியா, யூடிஎம்மா என்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இடைவெளி உங்கள் கையில் இல்லை. ஓர் இடத்தைச் சட்டென்று பார்த்துக்கொள்ள நல்லது, பிறருக்குக் கொடுக்கும் படத்துக்கு ஆகாது.

படம் நகரும் என்றால்

இங்கே என் முதல் தேர்வு ஓப்பன்லேயர்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். புதிதாக ஒரு வெப் வரைபடம் தொடங்குகிறீர்கள், அதில் அட்ச, தீர்க்கக் கோடுகள் முக்கியம் என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம். கிராட்டிக்யூல் என்பது இதில் உள்ளேயே இருக்கும் ஓர் அடுக்கு, நீட்சி (ப்ளக்இன்) எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. கோடுகளுக்கு நடுவே எத்தனை பிக்சல் இருக்க வேண்டும் என்று ஓர் இலக்கு எண் வைத்திருக்கும், நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது 100. இடைவெளிகளின் பட்டியல் ஒன்றும் வைத்திருக்கும், 90 டிகிரியில் தொடங்கி 45, 30, 20, 10, 5, 2, 1, அப்புறம் 30 நிமிடம், 20 நிமிடம் என்று இறங்கி ஒரு நொடி வரை. ஒவ்வொரு ஜூமிலும் இலக்குக்குப் பொருந்தும் எண்ணை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளும். மேலே கையால் போட்ட கணக்கை அது போட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான் விஷயம். தசம டிகிரிதான் வேண்டும் என்றால் 1, 0.5, 0.2, 0.1 என்று நம் பட்டியலைக் கொடுக்கலாம். எழுத்துகளை எப்படி எழுத வேண்டும் என்று ஒரு சின்னச் செயற்கூறு கொடுத்தால் அதன்படி எழுதும், உலாவிக்குத் தமிழ் கோக்கத் தெரியும் என்பதால் 'தெ' இங்கே ஒழுங்காக வரும்.

இன்னொரு நல்ல குணம், எழுத்துகள் கோட்டோடு ஒட்டிக்கொண்டு ஓடிவிடாது. படத்தை எங்கே இழுத்தாலும் தீர்க்கக்கோட்டின் எண் திரையின் அடியிலும் அட்சக்கோட்டின் எண் வலது ஓரத்திலும் வந்து நிற்கும். இடத்தை மாற்ற 0 முதல் 1 வரை ஓர் எண் கொடுத்தால் போதும். பழைய எடுத்துக்காட்டுகளைப் பார்த்து எழுதும்போது மட்டும் கவனம், 6ஆம் பதிப்புக்கு முன் கிராட்டிக்யூல் ஓர் அடுக்காக இல்லை, தனிப் பொருளாக இருந்தது. அந்த நிரலை வெட்டி ஒட்டினால் ஓடாது.

இன்னொரு வெப் வரைபட நூலகமான லீஃப்லெட்டில் இது உள்ளே கிடையாது, நீட்சிகள்தான். ஏற்கெனவே லீஃப்லெட்டில் தளம் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் கோட்டுக்காக வீட்டை இடித்துக் கட்ட வேண்டியதில்லை, நீட்சியே போதும். ஆனால் எந்த நீட்சி என்பதில் வித்தியாசம் இருக்கிறது. 'லீஃப்லெட் கிராட்டிக்யூல்' என்ற எளிய நீட்சி கோடுகளை ஜியோஜேசன் என்ற தரவு வடிவில் செய்து ஒரே இடைவெளியில் போட்டுவிடும், ஜூம் மாறினாலும் இடைவெளி மாறாது, எண்ணும் எழுதாது. கேன்வாஸில் வரையும் 'லாட்எல்என்ஜி கிராட்டிக்யூல்' என்ற நீட்சியில் இந்த ஜூமிலிருந்து இந்த ஜூம் வரை இந்த இடைவெளி என்று பட்டியல் கொடுக்கலாம், ஓரத்தில் எண்ணும் வரும். நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். லீஃப்லெட் வழக்கமாக மெர்கேட்டரில் இருப்பதால் அட்சக்கோடும் தீர்க்கக்கோடும் குறுக்கும் நெடுக்குமாக நேராகவே இருக்கும், இரண்டு முனை மட்டும் இருந்தாலும் அங்கே கோணாது.

நாமே ஜியோஜேசன் எழுதிப் போடுவதென்றால் (மேப்லிப்ரேயில் பெரும்பாலும் அப்படித்தான், உள்ளே எதுவும் இல்லை) மூன்று இடத்தில் தடுக்கும். ஒன்று, வரிசை. ஜியோஜேசனில் தீர்க்கம் முதலில், அட்சம் பின்னால். லீஃப்லெட்டின் சொந்தக் கட்டளைகளில் தலைகீழ். மாற்றிப் போட்டால் கோடுகள் எங்கேயோ துருவத்தைத் தாண்டி ஓடும். இரண்டு, மெர்கேட்டர் வெப் வரைபடம் 85.05 டிகிரியோடு முடிகிறது, 90 வரை கோடு இழுக்காமல் 85இல் நிறுத்துங்கள். மூன்று, -180 முதல் 180 வரை நிரலில் சுழற்சி (லூப்) எழுதினால் இரண்டு முனையிலும் ஒரே கோடு இரண்டு தடவை வரும். பாதி ஒளிபுகும் நிறம் கொடுத்திருந்தால், துருவப் படத்திலோ உருண்டைக் காட்சியிலோ அந்த ஒரு கோடு மட்டும் மற்றவற்றைவிடத் தடிமனாகத் தெரியும். 180க்கு ஒரு படி முன்னாலேயே நிறுத்தினால் சரி.

கணினி எண்களின் பழைய குறும்பும் இங்கே உண்டு. 0.1ஐப் பத்துத் தடவை கூட்டினால் 1 வராது, 0.9999999999999999 வரும், அதை அப்படியே எழுத்தாகப் போட்டால் அசிங்கம். டிகிரி நிமிடம் நொடியாக மாற்றினால் இன்னும் வேடிக்கை, 10 டிகிரிக் கோட்டில் 9°59′60″ என்று எழுதி நிற்கும். முழு எண்ணில் எண்ணிக்கொண்டு கடைசியில் வகுத்தால் முதல் சிக்கல் போய்விடும், மொத்தத்தையும் நொடியாக்கி முழுமைப்படுத்திய பிறகு பிரித்தால் இரண்டாவதும் போய்விடும்.

மேப்லிப்ரேயில் 10 டிகிரி, 1 டிகிரி, 10 நிமிடம் என்று மூன்று அடுக்கு செய்து ஒவ்வொன்றுக்கும் ஜூம் எல்லை வைத்துச் சமாளிக்கலாம். 1 டிகிரி அடுக்கு உலகம் முழுக்க என்றாலும் ஐந்நூற்றுச் சொச்சம் கோடுகள்தான், அது பாரமில்லை. 10 நிமிடத்தை உலகம் முழுக்கச் செய்யாமல் திரையில் தெரியும் பகுதிக்கு மட்டும் அவ்வப்போது கணக்கிட்டுப் போடுங்கள். இவ்வளவும் செய்தபின் ஓப்பன்லேயர்ஸ் தானாகக் கொடுப்பதில் முக்கால் பங்குக்கு வந்திருப்பீர்கள்.

டி3 தனி ரகம். உருண்டை பூமி, விநோதமான ப்ரொஜெக்ஷன், அசைந்து சுழலும் படம் என்றால் அதுதான். ஒன்றும் சொல்லாவிட்டால் 10 டிகிரிக்கு ஒரு கோடு வரும், அதிலும் ஒரு நுணுக்கம்: சாதாரணத் தீர்க்கக்கோடுகள் 80 டிகிரியோடு நின்றுவிடும், 90 டிகிரிக்கு ஒன்றாக வரும் பெரிய கோடுகள் மட்டும் துருவம் வரை போகும். எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியில் குவிந்து மைக்கறையாக ஆகாமல் இருக்க இந்த ஏற்பாடு. மற்றக் கருவிகளில் துருவப் பகுதியைக் காட்டும்போது இதை நாமே கையால் செய்ய வேண்டியிருக்கும். எழுத்துகள் மட்டும் டி3 தராது, நீங்களேதான் வைக்க வேண்டும்.

மெர்கேட்டரில் கோடு போட்டபின் வரும் ஒரு புகாருக்கு முன்கூட்டியே பதில் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே போகப் போக அட்சக்கோடுகள் விலகிக்கொண்டே போகின்றன, ஏதோ தப்பு என்பார்கள். தப்பில்லை. 60 டிகிரியில் ஒரு டிகிரி, நிலநடுக்கோட்டில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு நீளமாகத்தான் மெர்கேட்டரில் தெரியும். தரையில் 60 டிகிரியில் தீர்க்கக்கோடுகள் நெருங்கிப் பாதி தூரத்துக்கு, சுமார் 56 கிலோமீட்டருக்கு, வந்திருக்கின்றன. அதை மெர்கேட்டர் அகலத்தில் இழுத்து நீட்டியிருப்பதால் உயரத்திலும் அதே அளவு இழுக்கிறது.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாம்பல், மெல்லிசு, பாதி ஒளிபுகும்படி. அச்சில் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் தாராளம். நிலநடுக்கோடு, கடகரேகை, மகரரேகை இவற்றை மட்டும் கொஞ்சம் வேறு நிறத்தில் காட்டலாம். ஊர்ப் பெயர்களுக்குக் கீழே, தரைப் படத்துக்கு மேலே கோட்டு அடுக்கை வையுங்கள். எண்ணுக்கு ஒரு மெல்லிய வெள்ளை விளிம்பு கொடுத்தால் எந்தப் பின்னணியிலும் படிக்க முடியும்.

எல்லாம் முடிந்தபின் சரிபார்க்காமல் அனுப்பாதீர்கள். ஆயம் நிச்சயமாகத் தெரிந்த இரண்டு மூன்று புள்ளிகளைப் படத்தில் போட்டு, கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகின்றன என்று பாருங்கள். படத்தின் ஓரத்தில் இருக்கும் புள்ளி மட்டும் போதாது, நடுவிலும் ஒன்று வேண்டும், ஏனென்றால் என் சுவர் வரைபடத்தில் ஓரங்கள் எல்லாம் மிகச் சரியாகத்தான் இருந்தன. இதற்கு கிரீன்விச்சைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் உண்டு. வானாய்வகத்தில் பதித்திருக்கும் பழைய தீர்க்கக்கோட்டைச் செயற்கைக்கோள் படத்தில் தேடிப் பிடித்து, தங்கள் பூஜ்யக் கோடு அதன் மேல் விழாமல் நூறு மீட்டர் கிழக்கே தள்ளி விழுகிறதே என்று அமைப்புகளையெல்லாம் நோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். நோண்ட வேண்டாம். ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற ஆய அமைப்பின் பூஜ்யம் அந்தப் பழைய கோட்டுக்கு 102 மீட்டர் கிழக்கேதான் இருக்கிறது. உங்கள் கோடு அங்கே விழுந்தால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.